நீல அட்டையும் மூணு மைக்ரானும்

எங்க சின்னப் பொண்ணு கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி இன்ஜினியர். விமானத்துக்கும் ராணுவத்துக்கும் பாகம் செய்யற இடம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சின்னு 5 ஊரை வச்சுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம்னு சொல்றாங்களே, அந்த மாதிரி வேலைதான். "பேத்தி ஏரோப்ளேன் செய்யறா"ன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லும். அவ செய்யறதில்லைங்க. செஞ்சதை அளந்து பார்த்து, சரியில்லைன்னா நிறுத்தி வைக்கறா.

போன ஆடியில ஒரு சனிக்கிழமை வந்தவ சரியாச் சாப்பிடலை. ராத்திரி களத்துல உக்காந்து மெதுவாக் கேட்டேன்.

100 மில்லிமீட்டர் நீளத்துல 40 அலுமினியப் பாகம். கூடக்குறைய 20 மைக்ரான் வரைக்கும் விடலாமாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணுதான் மைக்ரான். மிஷின்ல இருந்து எடுத்த சூட்டோட அளந்தவங்க சரியா இருக்குன்னு எழுதிட்டாங்க. இவ அளக்கற ரூம்ல எப்பவும் 20 டிகிரிதான். அளவுக்கு உலகம் பூரா அதுதான் கணக்காம். அங்க ஆற வச்சு அளந்தா 23 மைக்ரான் குறையுது. 10 டிகிரி சூடு ஏறினா அந்த நீளத்துக்கு அலுமினியம் அவ்வளவு நீளுமாம்.

"மூணு மைக்ரானுக்கா சரக்கை நிறுத்தறே, கையெழுத்தைப் போடு"ன்னு மேலே இருக்கறவர் சொல்லியிருக்கார். இவ போடலை. திங்கக்கிழமை போனா வேலை இருக்குமோ என்னமோன்னு பயம்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "போட்டுரு அம்மிணி. தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்குகூட வராது. நமக்குக் கடன் இருக்குது."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "விட்டத்துல அந்த நீல அட்டையை எதுக்குப்பா இன்னும் சொருகி வச்சிருக்கறீங்க?"ன்னா.

எனக்குப் பேச்சு வரலை. சில வருஷம் முந்தி, சான்று பெற்ற கடலை விதைன்னு மூட்டையில நீல அட்டை கட்டிக் குடுத்தாங்க. 70 சதம் முளைக்கணும். நல்ல ஈரத்துலதான் விதைச்சேன், பாதிகூட முளைக்கலை. மறுபடி விதைக்க ஈரமும் இல்லை, காசும் இல்லை. இவ காலேஜ் பீஸுக்கு அவங்கம்மா தோட்டை வித்தது அந்த வருஷம்தான். அந்த அட்டையிலயும் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தாங்க.

திங்கக்கிழமை அளவு இவ்வளவு குறையுதுன்னு அறிக்கை எழுதி, வாங்கறவங்களுக்கே அனுப்ப வச்சுட்டா. மேலே இருக்கறவர் ஒரு வாரம் முகங்குடுத்துப் பேசலையாம். பத்து நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. அந்த இடத்துக்கு இந்தக் குறை பரவாயில்லைன்னு அவங்க டிசைன் இன்ஜினியருங்க பார்த்து, 40 பாகத்தையும் எடுத்துக்கிட்டாங்க.

"அப்ப நீ மல்லுக்கட்டுனது வீண்தானே?"ன்னு போன்ல கேட்டேன்.

"இல்லப்பா. அவங்க தெரிஞ்சு வாங்கிக்கிட்டாங்க. தெரியாம நாங்க தலையில கட்டலை."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பாதிதான் முளைக்கும்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, விதையைக் கூடப் போட்டிருப்பேன். இல்லைன்னா வேற பக்கம் வாங்கியிருப்பேன். என்னைக் கெடுத்தது விதை பாதி, சொல்லாம விட்டது பாதிங்க.