ஏவலாளும் குடவோலையும்

கம்பைநல்லூரில் இருந்தவாறே தூரத்து அலுவலகமொன்றிற்குக் கணினிவழிப் பணிசெய்பவன் யான். இரவுப் பணியை எவ்வாறு பங்கிடுவது என்று எங்களுக்குள் வாக்கெடுக்க வேண்டியதாயிற்று. வினா விடுத்தல், நினைவூட்டல், தொகுத்தல் ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவு ஏவலாளிடம் ஒப்புவிப்பதென முடிவாயிற்று. அதனை வாக்கெடுப்புச் செயலியோடு இணைக்கும் பொறுப்பு எனக்குக் கிட்டியது.

இணைப்பது எளிதே. 2024 ஆம் ஆண்டு ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற பொதுநெறிகள் உள்ளமையால், கணினியின் கட்டளைத் திரையில் ஓரிரு வரிகள் எழுதினால் போதும். ஆனால், அவ்வரியோடு கொடுக்கும் அனுமதிச் சாவி எவ்வளவு திறத்தல் வேண்டும் என்பதே வினா. முழுச் சாவி பெற்ற ஏவலாள், எவர் எதற்கு வாக்களித்தார் என்பதையும் படிக்கும். ஏவினால் வாக்கும் இடும். இரவுப் பணியை மறுத்தோர் பெயர் மேலாளர்க்கு எட்டின், அதன்பின் எவர் மெய் கூறுவர்?

ஈண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் நினைவிற்கு வருகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுச் சாசனங்கள் குடவோலை முறையை விளக்குவன. குடத்திலிருந்து ஓலை எடுப்பவன் உள்ளிருப்பதை அறியாத சிறுவனாதல் வேண்டும். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். எடுக்க ஒரு கை வேண்டும். ஆயின், அக்கை கள்ளம் செய்ய இடமிருத்தலாகாது.

ஆகவே, வினா விடுக்கவும் மொத்த எண்ணிக்கை காணவும் மட்டும் உரிய சாவியையே அளித்தேன். அது இட்ட கட்டளைகள் அனைத்தும் எல்லோரும் படிக்குமாறு பதிவாகின்றன. மாணவ நண்பர்காள்! ஏவலாளின் அறிவு பெருகப் பெருக, அதன் கையிற் கொடுக்கும் சாவி சிறுகுதல் நலம்.