ஐந்து பேரும் ஒரு மலையும்

வால்பாறைக்கு மாருதி 800-இல் ஐந்து பேர் போனோம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பல வளைவுகளில் முதல் கியரைவிட்டு மாற்றவே முடியவில்லை. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். 796 சிசி எஞ்சின், 37 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 650 கிலோ. ஒருவர் ஓட்டினால் துள்ளி ஓடும். நாங்கள் ஐவரும் சேர்ந்து 325 கிலோ, அதாவது வண்டியின் பாதி எடை!

கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், சிசி கேட்கிறோம். குறைந்த சுழற்சியில் எவ்வளவு டார்க் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மேட்டில் வண்டியை இழுப்பது அதுதான். சமவெளியில் தனியாகப் போகிறவருக்குச் சின்ன எஞ்சின் தாராளம். குடும்பத்தோடு மலையேறுகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.