குரு இருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இந்த ஆண்டு கோடை விழா நிரலைத் தயாரிக்கும்போது ஒரு சச்சரவு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் சாக்சபோன், டிரம்ஸ், பேஸ் கிட்டாருடன் இருபது நிமிடம் ஜாஸ் வாசிக்க அனுமதி கேட்டார்கள். "அது நம்ம பாட்டு இல்லையேப்பா" என்றார் ஒரு பெரியவர். "சாக்சபோன்னா கத்ரி கோபால்நாத் மாதிரி ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொல்லுங்க, கேக்கலாம்" என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டு சினிமா நடனங்களுக்கு நடுவே, உடை மாற்றும் நேரத்தில், ஐந்து நிமிடம் கிடைத்தது. அதே வாரம் சென்னையிலிருந்து பெரியப்பா மகன் தொலைபேசியில் சொன்னார்: "அங்க உங்களுக்கு எல்லாம் இருக்குடா, சங்கீதம்தான் இல்ல. அதுக்கு மார்கழில இங்கதான் வரணும்."

அண்ணனுக்கும் சங்கத்துப் பெரியவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நான் வசிக்கும் ஹார்ட்ஃபோர்டைக் காப்பீட்டு நகரம் என்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலோர் காலையில் அந்த நிறுவனங்களுக்குள் நுழைந்து, மாலையில் கார் நிறுத்தத்திலிருந்து நேரே புறநகருக்குப் பறந்துவிடுவார்கள். அவர்கள் தாண்டிப் போகும் வழியில்தான் புஷ்னெல் பூங்கா இருக்கிறது. 1854இல் நகர மக்கள் வாக்களித்து, பொதுப்பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய பூங்கா. கோடையில் திங்கட்கிழமை மாலைகளில் அங்கே ஜாஸ் கச்சேரி நடக்கும். கட்டணம் கிடையாது, அழைப்பிதழ் கிடையாது, பொன்னாடை கிடையாது, புரவலர் பேச்சும் கிடையாது. மடக்கு நாற்காலியும் குளிர்பானப் பெட்டியுமாக வந்து புல்லில் உட்கார வேண்டியதுதான்.

இந்தத் திங்கள் கச்சேரிகளைத் தொடங்கியவர் பால் பிரவுன் என்ற பேஸ் கலைஞர். ஆண்டு 1967. அந்தக் கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றைப் போலவே ஹார்ட்ஃபோர்டின் வடக்குப் பகுதியும் இனக் கொந்தளிப்பில் இருந்தது. கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் கண்ணாடிகள் நொறுங்கிக்கொண்டிருந்த காலத்தில், பொது இடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து வாசிப்பது என்று ஒருவர் முடிவெடுத்தார். 1960இலேயே தொடங்கப்பட்டிருந்த ஹார்ட்ஃபோர்ட் ஜாஸ் சொசைட்டி பிற்பாடு அந்தப் பொறுப்பை ஏற்றது. மழை வந்தால் அசைலம் ஹில் தேவாலயம் கதவைத் திறந்துவிடும். மார்க் ட்வைனின் நண்பர் ஜோசப் ட்விச்செல் போதகராக இருந்த அதே தேவாலயம். நம் ஊரில் மழை வந்தால் கச்சேரியை இடம் மாற்றிக்கொள்ள ஒரு கோயில் மண்டபம் கேட்டுப் பாருங்கள், எத்தனை படிவம் நீட்டுவார்கள் என்று தெரியும்.

நான் அங்கே போவதில் பாதி, மேடையைப் பார்க்க அல்ல, கூட்டத்தைப் பார்க்க. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்களும், தலையில் தொப்பியோடு தேவாலயத்துப் பாட்டிமார்களும், தள்ளுவண்டியில் கைக்குழந்தையுமாக அந்தக் கூட்டம் இசையை அறிந்த கூட்டம். ஒவ்வொருவரின் தனிவாசிப்பும் முடிந்த கணத்தில் சரியாகக் கைதட்டுவார்கள். டிரம்ஸ் தனியாக ஆரம்பித்ததும் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்வார்கள். சென்னை சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் என்ன நடக்கும்? கேன்டீனில் வரிசை நீளும். மிருதங்கக்காரர் தன் வாழ்நாள் உழைப்பை வாசித்துக்கொண்டிருக்கும்போது காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் அண்ணன் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் விடிய விடிய நாதஸ்வரம் கேட்ட ஊர் நம்முடையது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கத் தெருவில் நின்றவர்களிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து தவிலைக் கேட்ட குழந்தைக்கு அதுதான் முதல் இசைப் பாடம். புஷ்னெல் பூங்கா இன்று செய்வதை நம் தேரடி பல தலைமுறைகளாகச் செய்துவந்தது. அமெரிக்கர்கள் நமக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் கைவிட்டதை அவர்கள் இங்கே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிடித்துக்கொண்டவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜாக்கி மெக்லீன். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த ஆல்டோ சாக்சபோன் கலைஞர். பதின்பருவத்தில் பட் பவலிடம் பாடம் கேட்டவர், இருபது வயதில் மைல்ஸ் டேவிஸுடன் ஒலிப்பதிவு செய்தவர். ஹெராயின் பழக்கம் அவரைப் பிடித்தது. அக்காலத்தில் நியூயார்க் விடுதிகளில் வாசிக்கப் போலீஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும், அது பறிபோயிற்று. பழக்கத்திலிருந்து மீண்டு, 1960களின் இறுதியில் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹார்ட் இசைப்பள்ளிக்குக் கற்பிக்க வந்தார். வந்தவர் பல்கலைக்கழகத்தோடு நின்றிருக்கலாம். 1970இல் மனைவி டாலியோடும் நண்பர்களோடும் ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹார்ட்ஃபோர்டின் ஏழைத் தெருப் பிள்ளைகளுக்கு இசை, நடனம், நாடகம் கற்றுக்கொடுக்கும் இடம். தெருமுனையில் போதை என்ன செய்யும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்த ஆசிரியர் யார்?

அவரிடம் பதின்பருவத்திலேயே கற்ற ஜிம்மி கிரீன் இன்று பெயர்பெற்ற சாக்சபோன் கலைஞர். மெக்லீனிடம் ஹார்ட்டில் படித்த டிராம்போன்காரர் ஸ்டீவ் டேவிஸ் படிப்பு முடித்ததும் ஆர்ட் பிளேக்கியின் குழுவுக்குப் போனார். 2000இல் ஹார்ட்டின் ஜாஸ் துறைக்கே மெக்லீனின் பெயரை வைத்தார்கள். 2006இல் இதே நகரத்தில் இறந்தார். நான் வியப்பது ஒன்றைத்தான்: உலகம் சுற்றி வாசிக்கக்கூடிய ஒரு வித்வான், தன் கலையில் பாதியை ஓர் ஏழை நகரத்துப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினார். இந்த வரிசையில் வைக்க நம்மிடம் எத்தனை வித்வான்கள்? சென்னையின் மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குக் கச்சேரியைக் கொண்டுபோனதற்காக டி. எம். கிருஷ்ணா வாங்கிய வசவு நினைவிருக்கிறதா?

இவர்கள் ஊரும் சொர்க்கம் அல்ல. இங்கே பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. பணக்காரப் புறநகரில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இசைக்குழு, நகரத்துப் பள்ளியில் கிழிந்த டிரம். ஹார்ட்ஃபோர்ட் பிள்ளைகளை இப்படி இனவாரியாகப் பிரித்துவைத்தது சட்டவிரோதம் என்று 1989இல் வழக்குப் போட்டார்கள். 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆமாம் என்றது. ஷெஃப் வழக்கு என்று இன்றும் பேசுவார்கள். பக்கத்து வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டின் ஹால் உயர்நிலைப் பள்ளி ஜாஸ் குழுவிலிருந்து பிராட் மெல்டாவ் என்ற பியானோ மேதை வந்தார். அவர் திறமை அவருடையது; அந்தப் பள்ளியில் பியானோவும் ஆசிரியரும் இருந்தது ஊரின் வரிப்பணத்தால். பள்ளித் தரவரிசை பார்த்து வீடு வாங்கும் நமக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதன் பலனை அனுபவிப்பவர்களும் நாம்தான். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே நம் பிள்ளை கையில் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ வந்துவிடுகிறது. சம்பளம் வாங்கும் இசை ஆசிரியர், பள்ளி நேரத்திலேயே பாடம். தமிழ்நாட்டில் இசைப் பாடவேளை என்று ஒன்று இருந்தாலும் அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

இவ்வளவு கிடைத்தும் நாம் என்ன செய்கிறோம்? சாக்சபோன் என்பது கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி. அனுமதிக் கடிதம் வந்ததும் அது நிலவறைக்குப் போய்விடும். கர்நாடக இசையிலும் அதே கதை. வாரந்தோறும் வகுப்பு, இணையத்தில் இன்னொரு வகுப்பு, போட்டி, அரங்கேற்றம், ஆறு வகைச் சாப்பாடு. ஆனால் அந்தப் பிள்ளை கடைசியாக ஒரு முழுக் கச்சேரியை உட்கார்ந்து கேட்டது எப்போது? ஊரே சமையல் கற்றுக்கொண்டு, சாப்பிட யாரும் வராத பந்தி மாதிரி இருக்கிறது நம் சங்கீதம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஹார்ட்ஃபோர்டுக்குத் தெற்கே, நம் சத்யநாராயணர் கோயில் இருக்கும் அதே மிடில்டவுனில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் கற்பித்த இடம். கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஹிக்கின்ஸ் பாகவதர் உருவான இடம். ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த அதே வளாகத்தில், ஓர்னெட் கோல்மனோடு வாசித்த டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல்லும் ஆசிரியராக இருந்தார். ஜாஸ் நம்முடையது இல்லை என்ற பெரியவருக்கு இந்தச் செய்தியைச் சமர்ப்பிக்கிறேன். அங்கே 1970கள் முதல் நவராத்திரி விழா நடக்கிறது. போய்ப் பாருங்கள்: முன்வரிசையில் அமெரிக்க மாணவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் எங்கே என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "இன்னிக்கு அவளுக்குப் பாட்டு கிளாஸ் இருக்கே அண்ணா" என்றார்.

இங்கே இலவசக் கச்சேரிகள் நடப்பதற்குப் பணமும் ஒரு காரணம்தான். இந்த நாட்டு இசைக்கலைஞர் சங்கம் 1942இல் ஒலிப்பதிவை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. இசைத்தட்டு வந்து மேடைக்காரர் பிழைப்பைப் பிடுங்குகிறது, அதனால் தட்டு விற்பவர் மேடைக்கும் பங்கு தர வேண்டும் என்றது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக உருவான நிதி இன்றும் இலவசக் கச்சேரிகளுக்குக் கலைஞர் ஊதியம் கொடுக்கிறது. கோடம்பாக்கத்தில் கீபோர்டு வந்தபோது வேலை இழந்த வயலின்காரர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? ஆனால் நிதி மட்டும் இருந்தால் கச்சேரி நடக்கும், ரசிகர் உருவாக மாட்டார். ரசிகரை உருவாக்குவது வீட்டுப் பெரியவர்களின் வேலை.

அதனால் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்காதீர்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள், கீர்த்தனையோ ஜாஸோ அவர்கள் விருப்பம். கைபேசியில் படம் பிடிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று. மாதம் ஒரு பாட்டு வகுப்பை ரத்து செய்துவிட்டு, அந்த நேரத்தில் பிள்ளையை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள். அது வெஸ்லியனில் நவராத்திரியாக இருக்கலாம், புஷ்னெல் பூங்காவில் திங்கட்கிழமையாக இருக்கலாம். இரண்டாவதற்குச் செலவு கார் நிறுத்தக் கட்டணம் மட்டும்தான்.