அந்தியூர் குதிரைச் சந்தை: வாங்கும் முன்பும் கைமாற்றும் முன்பும்

ஆடி பிறந்துவிட்டால் கொங்குச் சீமையில் விதைப்புப் பேச்சோடு இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும். ‘அந்தியூர் சந்தைக்குப் போகலீங்களா?’ என்று டீக்கடையில் ஒருவராவது கேட்பார். மாடு வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கவே குடும்பத்தோடு வண்டி ஏறுகிறவர்களும் உண்டு.

ஈரோட்டில் இருந்து பவானி வழியாகப் போனால் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே அந்தியூர். வடக்கே பர்கூர் மலை நீலமாகத் தெரியும். ஊரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில். அங்கு நடக்கும் ஆடித் தேர்த்திருவிழாவை ஒட்டித்தான் கால்நடைச் சந்தை கூடுகிறது. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மாடுகள், திமில் நிமிர்ந்த காங்கேயம் காளைகள், ஆடுகள் என்று எல்லாம் வரும். ஆனால் கூட்டம் மொய்ப்பது குதிரைகளைச் சுற்றித்தான். திப்பு சுல்தானின் படைக்கே இங்கிருந்துதான் குதிரை போனது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சந்தையை ஒரு சுற்று சுற்றினால் இந்தியாவின் குதிரை வகைகளில் பலவற்றைப் பார்த்துவிடலாம். ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி இரண்டையும் காதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். இரண்டு காதுகளின் நுனியும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல நிற்கும். உடம்பு முழுக்க வெண்மையாக, தோல் இளஞ்சிவப்பாக இருப்பது நுக்ரா. கல்யாண ஊர்வலத்துக்கு இதைத்தான் கேட்பார்கள். நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி, அதற்குத் தனி மவுசு. இவற்றுக்கு நடுவே நம்மூர் மட்டக்குதிரைகளும் நிற்கும். சில ஆயிரத்தில் தொடங்கும் விலை பல லட்சம் வரை போகும். துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதை இன்றைக்கும் அங்கே பார்க்கலாம்.

நான் வேளாண் துறைக்காரன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனாலும் தீவனப் பயிர் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் குதிரை வைத்திருக்கும் விவசாயிகளைப் பார்க்கிறேன். ‘பையன் ஆசைப்பட்டான், வாங்கினேன். இப்போது அவன் வெளியூரில் படிக்கிறான். குதிரையை என்ன செய்வது?’ என்பதுதான் அவர்களில் பலருடைய கேள்வி. சந்தையில் விலை கேட்கிற கூட்டத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நன்றாகப் பராமரித்தால் குதிரை 25, 30 வருடம் வாழும். நாம் கொடுக்கும் விலை முதல் நாள் செலவு மட்டும்தான்.

சுழியைப் பார்ப்பதற்கு முன் குளம்பைப் பாருங்கள்

குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. அதோடு சேர்த்துக் குளம்பையும் பல்லையும் வாயோரத்தையும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பல் வயதைச் சொல்லும். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்க முடியும். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

குளம்பில் வெடிப்பு, நாற்றம், கசிவு இருக்கக் கூடாது. கெட்டித் தரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். மணலில் நடத்திக் காட்டினால் இது தெரியாது. வாயோரத்தில் தழும்பு இருந்தால், கடிவாளத்தை வெட்டி இழுத்துப் பழக்கிய குதிரை என்று அர்த்தம்.

மேளத்துக்குக் காலைத் தூக்கி ஆடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். விற்பவரிடம் நான்கு காரியம் செய்து காட்டச் சொல்லுங்கள். கயிற்றைத் தளரவிட்டு நடத்த வேண்டும். நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாகனத்தில் ஏற்றி இறக்க வேண்டும். பக்கத்தில் மேளம் அடிக்கும்போது சும்மா நிற்க வைக்க வேண்டும். இந்த நான்கும் முரண்டு பிடிக்காமல் நடந்தால் அதுதான் பழகிய குதிரை. வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் பக்கத்தில் போகலாம்.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கில் புண்ணும் சளியும், உடம்பில் கட்டிகளும் வரும். மனிதருக்கும் தொற்றும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை வசதி உள்ளது. பரிசோதனைச் சான்று கேளுங்கள். வாங்கி வந்த குதிரையை மூன்று வாரமாவது மற்ற கால்நடைகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள்.

பழக்குவது பொறுமையான வேலை

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. உதையும் கடியும் பெரும்பாலும் பயத்தில் வருபவைதான். குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போய், முதலில் கழுத்தைத் தொடுங்கள்.

ஒரு நாளைக்கு 15, 20 நிமிடப் பயிற்சி போதும். கயிற்றை லேசாக இழுங்கள், குதிரை ஓர் அடி வைத்ததும் உடனே தளர்த்திவிடுங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. சொன்னதைச் செய்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் அது ஒன்றையும் கற்காது. 3 வயதுக்கு முன் முதுகில் ஆள் ஏற்ற வேண்டாம். எலும்பு முற்றியிருக்காது.

தீவனத்தில்தான் தவறு நடக்கிறது

என் துறை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குதிரை மாட்டைப் போல அசைபோடும் பிராணி இல்லை. இரைப்பை சிறியது, வாந்தி எடுக்க அதனால் முடியாது. ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் வயிற்றுவலி வந்து உயிரே போகலாம். ஒரு நாள் தீவனத்தை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர் எடையில் 5 முதல் 7 கிலோ வரை தேவை. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். கொள்ளை ஊற வைத்தோ வேக வைத்தோ அளவாகக் கொடுக்கலாம். தண்ணீர் 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

நம் தோட்டங்களில் கம்பு நேப்பியரும் கொழுக்கட்டைப் புல்லும்தான் அதிகம். இவற்றில் ஆக்சலேட் இருக்கிறது. இவற்றை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் உடம்பில் சேராது. எலும்பு பலவீனமாகும், முகம் வீங்கும், நடை கெடும். தவிட்டை அள்ளி அள்ளிப் போட்டாலும் இதே தொல்லைதான். இதற்கு மாற்று, பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரைமசால். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். விதைத்த 75, 80 நாளில் முதல் அறுவடை, பிறகு 25, 30 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒரு குதிரைக்குச் சில சென்ட் நிலம் ஒதுக்கினால் போதும். அதையும் தனியாகப் போடாமல் புல்லோடு கலந்தே கொடுங்கள்.

கோழித் தீவனத்தையும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மாட்டுத் தீவனத்தையும் குதிரைக்குக் காட்டவே கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் அப்படியே, மூளையைத் தாக்கும்.

குதிரை அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைச் சுரண்டுகிறது, உருள்கிறது, சாணம் போடவில்லை என்றால் அது வயிற்றுவலி. மாட்டுக்குச் செய்வதுபோல வாயில் மருந்து ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். ஆணி குத்தினால் குதிரைக்கு ரணஜன்னி சீக்கிரம் வரும். ஆகவே அதற்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

சந்தையின் ஓரத்தில் ஒரு கிழக்குதிரை

ஒரு வருடம் சந்தையின் கடைசி வரிசையில், வேப்பமரத்து நிழலில் ஒரு பெரியவர் வெள்ளைப் பெண் குதிரையோடு நின்றிருந்தார். கல்யாண வண்டியில் பல வருடம் ஓடிய குதிரை. வயது 15 தாண்டியிருந்தது, பின்காலில் லேசான நொண்டல். வயது ஏறிவிட்டதால் அவரால் புல் சுமக்க முடியவில்லை. மகன்கள் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள்.

தரகர் ஒருவர் கையில் பணத்தோடு வந்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று பெரியவர் கேட்டதற்கு, “வண்டிக்குத்தானுங்க, வேறெதுக்கு?” என்றார். பெரியவர் கயிற்றைக் கொடுக்கவில்லை. “இனி இது வண்டி இழுக்காதுங்க. இழுக்க வெச்சா உழுந்துபோயிரும்” என்று சொல்லிவிட்டார்.

மதியத்துக்கு மேல் ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு குதிரை இருந்தது. துணை இல்லாமல் அது கத்திக்கொண்டே இருக்கிறது என்றார். விலை பாதிதான் சொன்னார். பெரியவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. “நிழல் இருக்குதுங்களா? தண்ணி எப்ப வெப்பீங்க? முடியலைன்னா எனக்குத்தான் திருப்பித் தரோணும், வேற ஆளுக்கு மாத்தக் கூடாதுங்க” என்றார். தோப்புக்காரர் ஒரு தாளில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரியவர் ஒரு மூட்டை பழைய தீவனத்தையும் வண்டியில் ஏற்றிவிட்டார். “புதுத் தீனியை மெதுவா மாத்துங்க” என்று சொல்லிக்கொண்டே வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார்.

கைமாற்றுவதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. அவர் செய்ததையும், மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்துத் தருகிறேன்.

• வாங்குகிறவர் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். நிழல், தண்ணீர், நடக்க இடம், பக்கத்தில் மருத்துவர் ஆகிய நான்கும் வேண்டும்.

• குறையை மறைக்காதீர்கள். நொண்டல், கடிக்கும் பழக்கம், வயிற்றுவலி வந்த வரலாறு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

• முடிந்தால் ஒரு மாதம் சோதனையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வரட்டும்.

• தீவனத்தை 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

• எலும்பும் தோலுமான குதிரையை எடுத்து வளர்ப்பவர்கள் பாவம் பார்த்துக் கொள்ளை அள்ளிப் போடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்காது. மருத்துவர் சொல்படி, குதிரைமசாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்துத் தேற்றுங்கள்.

• விலங்குக் காப்பகத்தில் விடுவதாக இருந்தால் முன்கூட்டியே பேசுங்கள். இடம் இருக்கிறதா என்று கேட்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

• ரோட்டில் அவிழ்த்துவிடுவது தீர்வு ஆகாது. பசி, தாகத்தில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வருகிற ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்கள் நிதானமாக ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால் குதிரைகள் களைப்பில்லாமல் இருக்கும், நடையைச் சரியாகப் பார்க்கலாம். குதிரைக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். வாங்குவது என்று முடிவெடுத்தால், சந்தைக்குப் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே குதிரைமசால் விதையைத் தூவிவிடுங்கள். குதிரை வீட்டுக்கு வரும்போது முதல் அறுவடை தயாராக இருக்கும்.