ஒன்றா, இரண்டா, நான்கா?

பல்கலைக்கழகம் செல்லும் மகளுக்கு ஒரு மேசைக் கணனி பொருத்த வேண்டியிருந்தது. மனைவி மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். 'ரெம்' எனப்படும் நினைவகத்தின் விலையோ 2025இன் பிற்பகுதியில் உலகச் சந்தையிலேயே கடுமையாக ஏறியது. ஒரு ரூபாயும் வீணாகக் கூடாதென்று நானும் மகளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

கடைக்காரர் தந்த விலைப்பட்டியலில் '32 ஜீபி' என்று மாத்திரமே இருந்தது. "அது ஒரு துண்டா, ரெண்டு துண்டா என்று கேளுங்க வாப்பா" என்றாள் மகள். தொகை ஒன்றுதானே, இதில் என்ன வேறுபாடு என்று சகோதரிகள் கேட்கலாம்.

நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடுவதை எண்ணிப் பாருங்கள். ஒரு வாசலால் கொடுத்தால் வரிசை நீளும். இரு வாசலால் கொடுத்தால் விரைவில் முடியும். கஞ்சி அதே கஞ்சிதான். வீட்டுக் கணனியின் புரொசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே பொதுவாக இரண்டு பாதைகள் உள்ளன. ஒரே துண்டைப் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். ஆகவே, 32 ஒன்றை விட 16 இரண்டு மேல்.

அப்படியானால் 8 நான்கு போடலாமே? பாதை இரண்டுதான், சுமைதான் கூடும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு, டீ.டீ.ஆர். 5 இரண்டு துண்டுகளாயின் 5200 வேகம் வரை உத்தரவாதம் உண்டு. நான்காயின் 3600 மாத்திரமே.

"இப்போது ஒன்று, அடுத்த சீட்டில் இன்னொன்று" என்பதும் சரிவராது. ஒரே பெட்டியில் வரும் சோடி, சேர்த்துச் சோதிக்கப்பட்டது. பின்னர் வாங்குவது அதே பெயரில் இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கலாம்; கணனி இடையிடையே நின்றுவிடவும் கூடும். பணம் போதாவிட்டால் 8 இரண்டாக ஒரு சோடி எடுங்கள். பாடத்துக்கும் எழுத்து வேலைக்கும் 16 ஜீபி போதும். வரைபடம், வீடியோ வேலை உள்ளவர்களுக்கே 32 தேவை. மகளுக்கு வரைபட வேலை இருந்ததால் 16 இரண்டு எடுத்தோம்.

இன்னும் சில விடயங்கள். டீ.டீ.ஆர். 4 துண்டு டீ.டீ.ஆர். 5 தாய்ப்பலகையில் ஏறாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. நான்கு இடங்கள் இருந்தால், பெரும்பாலான பலகைகளில் புரொசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் பூட்ட வேண்டும். பெட்டியில் 6000 என்றிருந்தாலும், பயோசில் எக்ஸ்.எம்.பீ. அல்லது எக்ஸ்போவைத் திறக்காவிட்டால் பெரும்பாலும் 4800இலேயே ஓடும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டில் '32 ஜீபி' என்று விடாமல், '16 இரண்டு, ஒரே சோடி' என்று எழுதி வாங்குங்கள்.