பூங்காவுக்குள் போகும் வழி

டெல்டாவில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், கோயிலுக்கும் குளத்துக்கும் அடுத்தபடி எல்லாருக்கும் பொதுவான இடம் பார்க்தான். நடுவில் ரேடியோ மேடை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் செய்தி கேட்கப் பெரியவர்கள் கூடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் சறுக்குமரமே கதி என்று கிடப்போம். பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போய், நெடுநாள் கழித்து இப்போது வந்தபோது, "பார்க்கை எப்படி மாத்திட்டாங்க பாரு" என்று கண்டவர்களெல்லாம் சொன்னார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டோடு இருக்கும் சித்தியைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டோம். ஆடு மாடும் பைக்கும் நுழையாமலிருக்க வளைத்து வைத்த இரும்புக் கம்பி. அதில் ஆள் ஒடுங்கித்தான் நுழைய முடியும். பக்கத்துப் பெரிய கேட் பூட்டியிருந்தது. டீ குடிக்கப் போயிருந்த வாட்ச்மேன் ஓடிவந்து திறந்துவிட்டார்; அவர்மேல் குற்றமில்லை. "நான் பார்க்குக்கு வர்றதுன்னா ஊரையே கூப்பிடணும் போலிருக்குடா" என்றார் சித்தி.

உள்ளே நீரூற்று, ஊர்ப் பெயர் மின்னும் எழுத்துகள், எட்டு வடிவ நடைபாதை. ரேடியோ மேடைக்குச் சாய்தளமும் கட்டியிருக்கிறார்கள். மேடை ஒன்றரை அடி உயரம். சாய்தளத்தின் நீளம் நான்கடிதான். ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. அப்படியானால் இங்கே பதினெட்டடி. போதாததற்கு வழவழப்பான டைல்ஸ் வேறு. இரண்டு பேர் தள்ளியும் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. நல்ல கையால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி தேடினார் சித்தி. கைப்பிடியே இல்லை. திரும்ப இறக்கிவிட்டோம்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் வேர் எழும்பி பேவர் கற்களைத் தூக்கியிருந்தது. தடியூன்றிய ஒரு பெரியவர் அங்கே வந்ததும் புல்லில் இறங்கிச் சுற்றிப் போனார். அதற்காக மரத்தை வெட்டிவிடக் கூடாது. வேருக்கு இடம் விட்டுப் பாதையை ஒதுக்கினால் போதும். இருட்டத் தொடங்கியதும் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கழிப்பறைப் பக்கம் ஒரே இருட்டு, ஆள் உயரப் புதர். கேமரா இருக்கிறது. ஆனால் வெளிச்சமும் நாலு பேர் கண்ணில் படுகிற பாதையும் தருகிற தைரியத்தைக் கேமரா தருமா?

சித்தியைப் போன்றவர்களும் தடையில்லாமல் புழங்குவதற்கென்று சிங்கப்பூரில் 1990இலேயே கட்டட விதிகள் வந்துவிட்டன. "அது பணக்கார நாடு" என்பார்கள். ஆனால் நம் மெரினா மணலிலும் 2022 நவம்பரில் 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். கடலைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் சக்கர நாற்காலியிலேயே அலையருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, திரும்பச் சரிசெய்தார்கள். நம்மாலும் முடிகிறதே! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். பொழுதுபோக்கு இடங்களும் அதில் அடக்கம். விதிகள் வந்த 2017இலிருந்து 5 ஆண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றியாக வேண்டும் என்றது சட்டம். அந்தக் கெடு முடிந்துவிட்டது.

வீட்டு வாசலிலிருந்து பெஞ்சு வரை வழி ஓரிடத்திலும் அறுபடக் கூடாது. ஓரிடத்தில் தடை இருந்தாலும் மீதிச் செலவு சித்திக்குப் பயன்படாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அவரைப் போன்ற நாலு பேரை அழைத்து ஒரு சுற்றுப் போய்வரச் செய்திருக்கலாம்.

கேட்டின் அகலம், சாய்தளத்தின் நீளம், விளக்கில்லாத இடம் எல்லாவற்றையும் அளந்து எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். சித்திதான் கையெழுத்துப் போட்டார், இடது கையால். ரசீது சித்தியின் மகனிடம் இருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த திங்களும் அவன் போவான்.