குவாங்டொங்கில் நிகழ்ந்த சோதனை

விருந்துக்கு அழைத்தவரையே வாயிலில் நிறுத்தி, "உமக்கு உண்ணத் தெரியுமா என்று முதலில் பார்ப்போம்" எனக் கூறும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லை. 1988ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சீன நாட்டின் குவாங்டொங் மாநிலத்திற்கு வந்திறங்கிய பன்னிரண்டு மகளிர் கால்பந்து அணிகளின் நிலையோ ஏறத்தாழ அத்தகையதே. அவர்களை அழைத்தது ஃபிஃபா எனப்படும் அனைத்துலகக் கால்பந்துக் கூட்டமைப்பு. அழைப்பின் நோக்கம் யாதெனில், பெண்களுக்கென ஓர் உலகப் போட்டி நடத்தலாமா, அதைக் காண மக்கள் வருவரா என்று சோதித்துப் பார்ப்பதே. ஆண்களுக்கு அத்தகைய உலகப் போட்டி 1930 முதலே நடைபெற்று வந்தது.

இச்சோதனை தானாக வரவில்லை. 1986இல் மெக்சிகோ நகரில் கூடிய ஃபிஃபா பேரவையில் நார்வே நாட்டுப் பிரதிநிதி எல்லன் வில்லே என்னும் அம்மையார் மேடையேறினார். உருவத்தில் மிகச் சிறியவர். கூடியிருந்தோர் அனைவரும் ஏறத்தாழ ஆண்களே. பெண்களின் கால்பந்துக்கு உலகப் போட்டி வேண்டும், ஒலிம்பிக்கிலும் இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். தலைவராயிருந்த ழுவாவ் அவலாஞ்சு அதற்கு இணங்கினார். அதன் பயனாக எழுந்ததே இந்த அழைப்புப் போட்டி.

ஆயினும், மக்கள் வருவரா என்னும் வினாவுக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பதே நம் கருத்து. 1920 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் காண வந்தோர் சுமார் 53,000 பேர். அப்பெண்கள் திரட்டிய பணம் மருத்துவமனைகளுக்கும் போரில் காயமுற்ற வீரர்களுக்கும் சென்றது. மறு ஆண்டு டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாதது என்று கூறி, ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தன் ஆடுகளங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அந்தத் தடை அரை நூற்றாண்டு நீடித்தது. 1971இல் மெக்சிகோவில் ஃபிஃபாவின் ஒப்புதலின்றி ஒரு மகளிர் போட்டி நடைபெற்றது. அதன் இறுதி ஆட்டத்திற்கு அஸ்டெக்கா அரங்கில் திரண்டோர் ஏறத்தாழ 1,10,000 பேர். பதினைந்தே வயதான டென்மார்க் நாட்டுச் சிறுமி சூசன் அகுஸ்தேசன் மூன்று கோல் அடித்து வென்றாள். இவ்வளவுக்குப் பின்னும் சோதனை வேண்டுமாம்!

பிரேசில் அணியின் நிலையை இங்கே சற்று நின்று நோக்குவோம். அந்நாட்டில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீங்கி ஒன்பதே ஆண்டுகளில் சீனா வந்த அப்பெண்களுக்குத் தனியே உடை தைக்கப்படவில்லை; ஆண்கள் அணிக்கென இருந்தவற்றையே தந்தனுப்பினர். தொளதொளவென்று தொங்கிய அச்சட்டைகளோடு ஆடியவர்களுள் சிஸி என்னும் இளம்பெண்ணும் ஒருத்தி. பதினோராண்டுகள் கழித்து, 1999 உலகக் கோப்பையில் ஏழு கோல் அடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவள் அவளே. ஆஸ்திரேலியப் பெண்களோ தம் நாட்டுச் சின்னத்தைத் தம் கையாலேயே உடைகளில் தைத்துக்கொண்டு வந்தனர். ஊசி நூல் பிடிக்கத் தெரிந்த பெண் பந்தை உதைக்கலாகாது என்போர் இதனைக் கருதுவாராக.

பெண்பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்று நம்மிடம் வினவும் பெற்றோர் இன்றும் உளர். அவர்களோடு நாம் வாதாடுவதில்லை. இக்கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ஆட்டங்கள் ஜூன் 1 முதல் 12 வரை நடைபெற்றன. சீனாவும் கனடாவும் மோதிய தொடக்க ஆட்டத்திற்குச் சுமார் 45,000 பேர் வந்தனர். பிரேசில் தன் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆனால் நார்வேயை 2-1 என வீழ்த்தியது. அதே நார்வே அரையிறுதியில் அதே 2-1 கணக்கில் பிரேசிலை வென்று பழி தீர்த்துக்கொண்டது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பிரேசிலும் சீனாவும் கோலின்றிச் சமநிலையில் நிற்க, பெனால்டி உதைகளில் பிரேசில் வென்றது. குவாங்சோ நகரின் தியான்ஹே அரங்கில் இறுதி ஆட்டம். எதிர்நின்றவை நார்வேயும் அண்டை நாடாகிய சுவீடனும். லிண்டா மெதாலன் அடித்த ஒரே கோலால் நார்வே கோப்பையைப் பெற்றது.

அதே ஜூன் மாதம் முடிவதற்குள் ஃபிஃபா தன் முடிவை அறிவித்தது: 1991இல், அதே குவாங்டொங்கில், பெண்களுக்கான முதல் உலகப் போட்டி. சோதனையில் பெண்கள் தேறினர். எனினும் தேர்வாளரின் ஐயம் முற்றும் அகலவில்லை போலும். 1991 போட்டிக்கு "உலகக் கோப்பை" என்னும் பெயரை அப்போது சூட்டவில்லை. ஒரு மிட்டாய் நிறுவனத்தின் பெயரே அதன் கோப்பையில் விளங்கிற்று. தொண்ணூறு நிமிட ஆட்டத்தை எண்பது நிமிடங்களாகவும் குறைத்தனர். வயலில் காலை முதல் மாலை வரை குனிந்து நாற்று நடும் பெண்களை அறிந்த நமக்கு, அந்தப் பத்து நிமிடக் கருணை நகைப்பையே தருகிறது.

1991 இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என வென்றது. நார்வேயின் அந்த ஒரு கோலை அடித்தவர் மீண்டும் மெதாலனே. நான்காண்டுகள் கழித்து, 1995இல், சுவீடன் நாட்டில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் நார்வே ஜெர்மனியை 2-0 என வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். அப்போது ஆட்டம் முழுத் தொண்ணூறு நிமிடங்கள்.